முகமில்லாத படத்தில் ஒரு பொட்டு

போன மாதம் எங்கள் ஓவியக்கூடத்தில் எல்லாப் படங்களுக்கும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் மணி அடிக்குமாம். வந்து பார்க்கச் சொன்னார்கள், போனேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அந்தக் குங்குமக் கதையச் சொல்லுங்கக்கா" என்றார்கள். முதலில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். ஒருத்தி, சாமி வந்த பெண் ஒருத்தி படத்தைக் கிழித்துவிட்டாள் என்றாள். இன்னொருத்தி, படத்தில் இருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தாள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சங்கதிக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் படத்துக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. அதுதான் அங்கே பிரச்சினையே. இனி ஆளாளுக்கு ஒன்று சொல்ல வேண்டாம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் பச்சையம்மாள். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பழைய பங்களாவில் அறைக் காவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பங்களாவை எந்தக் காலத்திலோ மல்லாட்டை மண்டிக்காரர், அதாவது நிலக்கடலை வியாபாரி ஒருவர் கட்டினார். தேக்குத் தூண், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல், பின்கட்டைத் தாண்டினால் கல் கட்டிய கிணறு. குடும்பம் நொடித்துப் போய் வௌவால் அடைந்து கிடந்த வீட்டை ஓர் அறக்கட்டளை வாங்கிப் பழுது பார்த்து ஓவியக்கூடம் ஆக்கியது. உள்ளே இருப்பதெல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனவை. ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறை எடுத்துத் தங்கி, மலையையும் மலை சுற்றும் பாதையையும் எங்கள் ஜனங்களையும் வாழ்நாள் பூராவும் வரைந்தவர். ஊரில் அவருக்குப் பெயிண்ட்டு சாமி என்று பெயர். அவர் குடும்பம் தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் முன்னறையில் இருக்கின்றன. அதே பாணியில் அவரே இங்கே வரைந்தவை மற்ற அறைகளில்.

இம்ப்ரெஷனிஸ்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிட்டப் போனால் பெயிண்ட்டு, தள்ளி நின்றால் ஆள். இதைவிடப் பெரிய விளக்கமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு இது போதுமாக இருந்தது.

கூட்டிப் பெருக்கத்தான் என்னை முதலில் எடுத்தார்கள். பத்தாவது வரை படித்தவள் என்று தெரிந்ததும் அறைக் காவலுக்கு மாற்றினார்கள். பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: தொடாதே, தொட விடாதே, தூங்காதே. மற்றதெல்லாம் சாமுவேல் சாரைப் பார்த்துக் கற்றது.

சாமுவேல் சார் எங்கள் பொறுப்பாளர். வேலூர்க்காரர். காலையில் கதவு திறக்கும் முன் வெறுங்காலோடு எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். "கை சும்மா இருந்தா எதையாவது தொடச் சொல்லும்மா" என்பார். எந்தப் படத்தையும் எடுத்தவுடன் நேரே நின்று பார்க்க மாட்டார். பக்கவாட்டில் நின்று டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடிப்பார். தூசி, விரிசல், பூச்சி வைத்த இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் எதிரே வந்து நின்று படத்தைப் படமாகப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது.

வெயில் படத்தின் மேல் விழுந்தால் வண்ணம் வெளுத்துவிடும். அதனால் சூரியன் நகர நகர, நாங்களும் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டும் திறந்துகொண்டும் நாள் முழுக்க நடப்போம். சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை ஜாஸ்தியாகும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்று சொன்னார் என்றால் சொல்லப்பட்டவருடைய கதை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அது இரண்டு தடவை நடந்திருக்கிறது. காரணத்தை இங்கே சொல்லப் போவதில்லை.

எங்கள் கூடத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. வாசலிலேயே கை கழுவும் தொட்டி, சோப்பு, துண்டு. இந்த ஊரில் யாருடைய விரலிலும் எப்போதும் விபூதியோ குங்குமமோ இருக்கும். பௌர்ணமி அன்று மலை சுற்றி முடித்தவர்களை இலவசமாக உள்ளே விடுவோம். மலைப் படத்தைப் பார்த்ததும் அவர்கள் கை தானாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் சார் தொட்டி வைத்தார். முதல் பௌர்ணமிக்கு வந்த கூட்டம் அதில் கால் கழுவிக்கொண்டு, தலையிலும் தெளித்துக்கொண்டு, "தீர்த்தம் நல்லா ஜில்லுனு கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தது. நாங்கள் துண்டுக்கு எங்கே போவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உள்கட்டு அறையில் ஒரு படம். புங்கமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து, பிடுங்கிய மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நீலப் புடவை. பின்னால் ஊதாவும் ஆரஞ்சுமாக மலை. இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் அவள் மேல் திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறது. முகம் என்று தேடினால் கருஞ்சிவப்பில் ஒரு தீற்று, அதன் மேல் மஞ்சளில் ஒரு தீற்று. அவ்வளவுதான் முகம்.

அந்தப் படத்தைப் பார்க்க ஒரு பெண் அடிக்கடி வர ஆரம்பித்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது. நெற்றியில் வெறும் விபூதிக் கீற்று. முதல் நாள் படத்துக்கு வெகு அருகில் போனாள். நான் எழுந்தேன். அவளே பின்வாங்கினாள். மறுபடி போனாள்.

"யக்கா, இதுல மூஞ்சி எங்க கீது?" என்று என்னைக் கேட்டாள்.

"தள்ளி நின்னு பாரும்மா."

"தள்ளி நின்னா ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல. கிட்ட வந்தா ஆளையே காணோம்."

இதே குறையைப் படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் பெயர் அஞ்சலை. அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. வந்து வந்து பழக்கமானதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படத்தில் இருப்பது அவளைப் பெற்ற தாய் பூங்காவனம். அஞ்சலை கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ எடுத்து வைக்கிற வசதியெல்லாம் அன்று அந்த வீட்டில் இல்லை. தாயின் முகம் எப்படி இருக்கும் என்றே அஞ்சலைக்குத் தெரியாது. அவளுடைய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு பௌர்ணமியன்று கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் கூடத்துக்குள் வந்திருக்கிறாள். படத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். அது எங்கள் களம், எங்கள் புங்கமரம், அது என் தம்பி பெண்டாட்டியின் முகூர்த்தப் புடவை என்று சொல்லி அழுதிருக்கிறாள். பெயிண்ட்டு சாமி பூங்காவனத்தை உட்கார வைத்து வரைந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அந்த அத்தைதான்.

அஞ்சலைக்கு இதில் என்ன அவசரம் என்று புரிய எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமங்கலியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்க்கரைக்குப் போய்ப் பம்பை மேளம் அடித்து அழைக்க வேண்டும். தண்ணீர் மொண்ட சொம்பின் மேல் பூ வைப்பார்கள். அந்தப் பூ தானாக விழுந்தால் அவள் வந்துவிட்டாள், கல்யாணத்துக்குச் சம்மதம் தந்துவிட்டாள். சொம்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புடவை வைத்துப் படைப்பார்கள். பூ விழாவிட்டால் கல்யாணத்தை நடத்த யாருக்கும் மனசு வராது.

அஞ்சலை ஒரே பெண். கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருந்தவள். அவள் கல்யாணத்துக்கு ஏரிக்கரையில் அழைத்தார்கள், பூ விழவில்லை. நல்ல மாப்பிள்ளை, நாள் தட்டிப்போகும் என்று தாலி கட்டிவிட்டார்கள். மகள் பிறந்து நடக்கும் முன்பே புருஷன் போய்ச் சேர்ந்தான். இப்போது அந்த மகள் கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. ஏரிக்கரையில் அழைத்தார்கள். இந்தத் தடவையும் பூ விழவில்லை.

"ஏரியில இருந்தாதானே யக்கா வருவா? எங்கம்மாதான் இங்க வந்து மாட்டிகினாளே" என்றாள் அஞ்சலை.

நானும் பூவாடைக்காரி கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள்தான். அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். வாசலில் கை கழுவினாள். கூட்டம் கம்மி. படத்துக்கு முன்னால் நின்று, "யக்கா, கும்புட்டுக்கவா?" என்று கேட்டாள். கும்பிடுவதற்குத் தடை எதுவும் கிடையாது. "கும்புட்டுக்கோ, தள்ளி நின்னு" என்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். கை இறங்கும்போது ஒன்று மடிக்குப் போனது. நான் எழுவதற்குள் அந்த விரல் படத்துக்குப் போய்விட்டது.

முகத்தில் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், துவரம்பருப்பு அளவில் குங்குமப் பொட்டு.

எனக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டு வந்த நொடியில் அது முகம் ஆகிவிட்டது. அத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முறை என்ன என்றால், துடைக்கக் கூடாது, ஊதக் கூடாது, யாரும் கிட்டே போகக் கூடாது. அறையைச் சாத்திவிட்டுச் சாருக்குச் சொல்ல வேண்டும். அப்படியே செய்தேன். சார் வந்தார். பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தார். அப்புறம் எதிரில் வந்து நின்றார், வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அஞ்சலையிடம், "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவரும் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"குங்குமத்த எடுத்துத்தான் ஆகணும்மா. அப்படியே விட்டா படம் கெட்டுப்போயிடும்" என்றார் கடைசியில்.

அதுவரை தலையைக் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"பொட்ட அழிப்பீங்களா சார்? தாலி கட்டனவரு உயிரோட இருக்கசொல்ல மஞ்ச குங்குமத்தோட போனவ எங்கம்மா. அவ நெத்தியில வெச்ச பொட்ட, வூட்ல கல்யாணத்த வெச்சிகினு அழிப்பீங்களா? என் நெத்திதான் இப்படி ஆயிடுச்சி. அவளதாவது இருக்கட்டுமே. என்ன வேணா போலீசுல புட்ச்சி குடுங்க, அத மட்டும் அழிச்சிடாதீங்க சாமி."

சாருக்கு விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். வேலூரில் பிறந்து வளர்ந்தவருக்குச் செத்த சுமங்கலியின் பொட்டை அழிப்பது என்றால் என்ன என்று தெரியாமல் இருக்குமா?

தகவல் போனதும் சென்னையில் இருந்த அறக்கட்டளைக்காரரிடமிருந்து போன் வந்தது. போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் என்பது சார் பேசியதிலிருந்து புரிந்தது. "படத்தக் கெடுக்கணும்னு வந்தவங்க இல்லீங்க. ... சரிங்க. ... நீங்க வந்து குடுங்க, தாராளமா. நான் கையெழுத்து போட மாட்டேங்க." அவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அந்த மரியாதையின் அர்த்தம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் படம் சீர்செய்கிற நித்யா மேடம் சென்னையிலிருந்து வந்தார். சின்னப் பெட்டி, பெரிய லென்ஸ். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குங்குமம் காய்ந்த தூளாக இருந்திருந்தால் தூரிகையால் தட்டி எடுத்துவிடலாம், இது ஈரக் கையால் வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். ஈரம் எங்கள் தொட்டியிலிருந்து வந்த ஈரம். கை கழுவி, துண்டில் சரியாகத் துடைக்காமல் உள்ளே வந்திருக்கிறாள். சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இப்பவே ஆரம்பிச்சிடறேன் சார். லேட்டாக லேட்டாகப் பெயிண்ட் வெடிப்புக்குள்ள கறை எறங்கிடும்."

அஞ்சலை காலையிலிருந்தே வராந்தாவில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மகள் கவிதா நர்ஸ் வேலை பார்க்கிறவள். முந்தின நாள் விஷயத்தைக் கேட்டு அவமானமாக இருந்தது அவளுக்கு. "எங்கம்மா பண்ணது தப்புதான் சார்" என்று ஆரம்பித்தாள். அஞ்சலை அவளை முடிக்க விடவில்லை. நேரே சாரிடம் வந்தாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்திருக்கிறாள்.

"சார், பொட்ட எடுக்கணும்ன்றீங்க. எடுத்துக்குங்க. ஆனா அதுக்கு முன்னால எங்கம்மாவ நான் இட்டுகினு போயிடறேன். அவ வந்துட்டா அப்பறம் அது வெறும் படம். நீங்க துடைங்க, என்ன வேணா பண்ணுங்க."

நித்யா மேடம் சாரைப் பார்த்தார். சார் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னென்ன வேணும்மா உங்களுக்கு?"

பம்பை, சொம்பு, தண்ணி, பூ, கற்பூரம் என்று அவள் சொல்லச் சொல்லச் சார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கட்டடத்துக்குள் நெருப்பு கூடாது. படம் இருக்கிற அறைக்குள் தண்ணீர் கூடாது, பூ கூடாது. பம்பை கிணற்றடியில்தான்.

"தண்ணி இல்லாம எப்படி சார் அழைக்கறது?"

"தண்ணி வெளிய இருக்கட்டும். நான் படத்தச் சுவத்துலேர்ந்து எறக்கி, பின்கதவப் பாக்க வெக்கறேன். கதவு தெறந்திருக்கும். நீங்க கெணத்தடியில நின்னு கூப்புடுங்க. அவங்களுக்குக் கேக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "திங்கக்கெழம லீவு. காலையில வந்துடுங்க" என்றார்.

"சார், அதுவரைக்கும் விட்டா கறை போகும்னு நான் கேரண்டி தர முடியாது" என்றார் நித்யா மேடம்.

"தெரியும்மா. நின்னுடுச்சின்னா என் பேர்ல எழுதிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பூட்டிவிட்டோம். சார் சும்மா சும்மா வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு அப்படியேதான் இருந்தது. கறை உள்ளே இறங்கிக்கொண்டிருக்குமே என்பதுதான் அவர் கவலை. அவர் வேலைக்கே ஆபத்து என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை முறைப்படி கையுறை போட்டுக்கொண்டு நானும் இன்னொரு காவலரும் படத்தை இறக்கினோம். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில், பேசாமல், சேர்ந்து அடி எடுத்து வைத்து. தாங்கியில் நிறுத்திப் பின்கதவைப் பார்க்கத் திருப்பினோம். கதவைத் திறந்ததும் வெளிச்சம் வந்து படத்தின் காலடியில் நின்றது. சார் அதைப் பார்த்து, இன்னும் ஓர் அடி பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார். அந்த நேரத்திலும் வெயிலைத்தான் பார்த்தார்.

வெளியே அஞ்சலை, கவிதா, அத்தை, பம்பைக்காரர். கிணற்றில் தண்ணீர் இறைத்துச் சொம்பை நிரப்பினார்கள். கவிதா குளித்த ஈரத் தலையோடு சொம்பை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். சொம்பின் வாயில் மல்லிகைப் பூவை உருண்டையாக வைத்தார்கள். நித்யா மேடம் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சார் வாசற்படிக்கு உள்ளே கைகளைப் பின்னால் கட்டி நின்றார்.

பம்பைக்காரர் அடித்துப் பாடினார். வா தாயே, வந்து பூக்கொடு என்று கேட்டார். பூ அசையவில்லை. மறுபடியும் பாடினார். கவிதாவின் கை வலிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், தோள் நடுங்கியது. அத்தை வாய்விட்டு அழுதாள். மூன்றாவது தடவையும் பாடி முடித்துவிட்டு, வரமாட்டாள் போலிருக்கிறது என்று பம்பைக்காரர் அஞ்சலையைப் பார்த்தார்.

அஞ்சலை அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. படியின் அந்தப் பக்கமே நின்று படத்தைப் பார்த்துப் பேசினாள். பாட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"எம்மா. நான்தான் அஞ்சல. ஒனக்கு என்னத் தெரியாது, எனக்கும் ஒன்னத் தெரியாது. எங்கல்யாணத்துக்கு நீ வரலன்னு இத்தினி வருசமா ஒம்மேல கோவமா இருந்தேன். நீ இங்க இருந்தது எனக்கு யாரும் சொல்லலம்மா. தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன். ஒன் மூஞ்சி எப்படி இருந்தா இன்னா, நீ வா. ஒம் பேத்தி ஒன்ன ஏந்திகினு நிக்கறா. கை வலிக்குது அவளுக்கு. வாம்மா, வூட்டுக்குப் போலாம்."

பூ விழுந்தது. சொம்பின் வலது பக்கமாகச் சரிந்து கவிதாவின் கட்டைவிரல் மேல் பட்டு, கீழே விழுந்தது.

காற்றா என்று கேட்காதீர்கள். அன்று காற்றே இல்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. பிள்ளையின் தோள் நடுங்கியதையும் மேலே நானே எழுதியிருக்கிறேன். பூ விழுந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அத்தை குலவையிட்டாள். அஞ்சலை அந்தப் பூவை எடுத்துக் கவிதாவின் தலையில் வைத்தாள். அழைத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்களும் பார்க்கவில்லை. பம்பைச் சத்தம் தெருமுனை திரும்பி மெல்லக் குறையும் வரை சார் கதவைச் சாத்த விடவில்லை.

பிறகு நித்யா மேடத்தைப் பார்த்து, "இப்ப ஆரம்பிங்கம்மா" என்றார்.

பஞ்சு சுற்றிய குச்சியை எதிலோ தோய்த்து, உருட்டி உருட்டி எடுத்தார் மேடம். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஒவ்வொரு குச்சியிலும் இளஞ்சிவப்பு ஏறும், அதை வைத்துவிட்டு அடுத்த குச்சி. அழிக்கிறார்கள் அழிக்கிறார்கள் என்று என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன், அப்படி எதுவும் ஆகவில்லை. சாப்பிட்டு எழுந்த இலையை எடுப்பதுபோல்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "முழுசா வந்துடுச்சி சார்" என்றார். சார் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எதிரில் போய் நின்றார். கருஞ்சிவப்பில் ஒரு தீற்று, மஞ்சளில் ஒரு தீற்று.

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் கறை போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சென்னையில் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றே சாரும் சொன்னார். அடுத்த வருஷம் அவருக்குப் பணி நீட்டிப்புக் கிடைக்கவில்லை. போகிற நாளன்றும் காலையில் வெறுங்காலோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனார். எனக்கு அன்று அழுகை வந்தது, அழுதேன்.

சார் போவதற்கு முன்பே, கல்யாணம் நெருங்கியபோது, அஞ்சலை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு எங்களை அழைக்க வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சாருக்கு முதலில் வைத்தாள், அப்புறம் எனக்கு. படத்தைப் பழையபடி சுவரில் மாட்டியாகிவிட்டது, கறை துளிகூட இல்லை, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயேன் என்று கூப்பிட்டேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"அங்க வந்து இன்னாத்த யக்கா பாக்கறது? எங்கம்மாதான் வூட்ல கீறாளே" என்றாள். நிறைய வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் படத்தைப் பார்க்க வரவே இல்லை.

ஓய்வு பெறும் வரை அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். மலை இருக்கும், மரம் இருக்கும், நீலப் புடவை மேல் வெயில் இருக்கும். முன்பு எதிரில் ஓர் ஆள் இருப்பதாகவே எனக்குத் தோன்றும், மத்தியான வேளையில் தனியாக இருக்கும்போது அது ஒரு துணை. அது போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம்தான். வருகிறவர்கள் படத்தின் முன்னால் நின்று, "யாருங்க இவங்க?" என்று கேட்பார்கள்.

"அடி அண்ணாமலை பூங்காவனம். ரொம்ப வருசமா இங்கதான் இருந்தாங்க. பேத்தி கல்யாணம்னு மக வந்து கூப்ட்டா, போயிட்டாங்க" என்பேன்.